அடிக்கோடு

மஞ்சக்குப்பத்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில்
எங்கள் அலுவலகம்.
கீழே குடம் உருண்டால் என் மேசையில் டீ நடுங்கும்.
முகத்துவாரத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கு
நிரல் கட்டித் தருகிறோம்.

கட்டுவதற்கு முன் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்.
சைரன் வேண்டும், இரவுப் பதிவு வேண்டும், இன்னது வேண்டாம்
என்று அதனிடம் சொல்ல வேண்டும்.
கேட்டுக்கொண்டு மூவாயிரம் வரி பேசும்.
கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது.
கடிகாரம் இருக்கிறதா, இருக்கிறது.
கடைசியில் பச்சை.
பச்சையைப் பார்த்தால் வீட்டுக்குப் போவோம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கெடிலம் கரைமேல் ஏறியது.
கருவி சரியாக அளந்தது, சரியாக எழுதிவைத்தது,
கூவவில்லை.
போனது ஓர் ஐஸ் பெட்டி, இரண்டு வலை.
சோனாங்குப்பத்திலிருந்து அமலோற்பவம் போன் செய்தார்.
திட்டவில்லை.
"அது தூங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மூவாயிரம் வரியையும்
விரல் வைத்து வாசித்தேன்,
வாக்காளர் பட்டியலில் தன் பேரைத் தேடுகிறவள் மாதிரி.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்
ஒரே ஒரு வரி, சிவப்புகூட இல்லை:
எச்சரிக்கை, நான் அறியாத விருப்பம்.
பக்கத்தில் எங்கள் சைரன்.
இரண்டு சொல்லுக்கு நடுவே நிற்க வேண்டிய கோடு
கால் வழுக்கி
அடியில் கிடந்தது.

நான்கு வருடம்.
ஆறு அந்த உயரத்துக்கு அதுவரை வந்ததில்லை.
ஸ்கிரிப்ட் மட்டும் ஒவ்வொரு இரவும் சொல்லியிருக்கிறது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.
ஒரே கட்டளையைப் பத்துப் பொட்டலத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்;
தனக்குத் தெரியாததை
அடுத்தவருக்கு வந்த கடிதம் என்று ஒதுக்கி வைக்கிறது.
திங்கட்கிழமை மனு வாங்கும் ஜன்னல் அது.
சீல் குத்தும். முடியாது என்று சொல்லாது.

பண்ருட்டி பஸ் கண்டக்டர் அப்படியா?
ஏறி உட்கார்ந்து ஊர் பேரைச் சொன்னால்
"அங்க நிக்காது, எறங்கு" என்பார்.
விசில் வாயிலேயே இருக்கும், வண்டி நகராது.
பத்துப் பேர் பார்க்க இறங்க வேண்டும்.
ஆனாலும் பதினோரு மணி இருட்டில்
தெரியாத ஊரில் நிற்க வேண்டியதில்லை.

அந்த விசிலைத்தான் எழுதினேன், பதினான்கு வரி.
தெரியாத பேர் ஒன்று வந்தாலும் கட்டாதே.
ஓட்டினேன், நின்றது.
கோட்டைத் தூக்கி நடுவில் வைத்து ஓட்டினேன்.
மறுபடி நின்றது.
உள்ளே இன்னும் ஆறு பேர்.

தையல்நாயகி வேலையை விட்டு ஓசூர் போனவள்,
அவள் கேட்ட வசதியை எப்போதோ நீக்கிவிட்டார்கள்.
யூசுப் ஷெரீப் கேட்டது எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை,
வேறு எதன் கையேட்டையோ பார்த்து எழுதியிருக்கிறார்.
மூன்று பேர் வெறும் எழுத்துப்பிழை.
ஆறாவது என்னுடையது.

சித்திரையில் சேர்த்தேன்: பேட்டரிச் சிக்கனம்.
சேர்த்த வாரமே செலவு ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது.
வரைபடம் போட்டுக் காட்டினேன்.
கைதட்டினார்கள், முறுக்கு வந்தது.
சுவரில் வயரே இல்லாத ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு
காற்று வருகிறது என்று உட்கார்ந்திருக்கிறேன்.
சோலார் தகட்டில் அந்த வாரம்
வெயில் நன்றாக விழுந்திருக்கும்.

அழிக்க ஒரு வினாடி.
காரணம் எழுதும் கட்டத்தில்தான் நேரமானது.
கர்சர் அங்கே,
விழுந்து கிடந்த அதே கோடாக,
மினுக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அமலோற்பவத்துக்குப் போன் போட்டேன்.
"இப்ப ஒரு தடவ கூவும், பயப்படாதீங்க."
கூவியது. போனிலேயே கேட்டது,
நாய்கள் குரைப்பதும், யாரோ ஓடுவதும்.
"போதும் போதும்," என்றார்,
"புள்ள முழிச்சிக்கிச்சு."